டப்பாவில் ஏழு நூல்

சந்தேகம் எனக்குக் கூடப்பிறந்த குணம். யாராவது கொஞ்சம் அதிகமாகச் சிரித்துப் பேசினால் இன்றைக்கும் என் கை தானாகப் பையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இது ஒரு வியாதி என்கிறார் என் கணவர். பத்து வயதில் தாய்லாந்தின் ரனோங் படகுத்துறையில் இறங்கியபோது பெற்ற தாய் என் காதில் சொன்ன முதல் பேச்சை அவர் கேட்டிருந்தால், அவருக்கும் இந்த வியாதி வந்திருக்கும்.

அன்று காலை பர்மாக் கரையில், எங்கள் ஊரான கௌதாங்கில், பெரியம்மா மியா ஸான் என்னை ஒரு படகுக்காரரிடம் ஒப்படைத்தாள். என் இரண்டரை வயதில் அம்மா தாய்லாந்துக்கு வேலைக்குப் போனதிலிருந்து என்னை வளர்த்தவள் பெரியம்மாதான். அப்பா அதற்கும் முன்பே மீன்பிடிக் கப்பலில் போனவர், போனவர்தான். இப்போது பெரியப்பாவுக்கு வடக்கே மையெக் ஊர்ப் பக்கம் வேலை கிடைத்து, மூன்று பையன்களோடு குடும்பமே கிளம்பியது. "உன் பிள்ளையை நீ வச்சுக்கோ" என்று அம்மாவுக்குத் தகவல் போயிற்று.

படகுக்காரரும் பெரியம்மாவும் ரொம்ப நாள் பழகியவர்கள்போலப் பேசிக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை. அவர் கனமான ஒரு பையைப் பெரியம்மாவிடம் கொடுத்தார். அவள் என் முதுகில் கைவைத்து என்னை அவர் பக்கம் தள்ளினாள். பையை வாங்கிக்கொண்டு பிள்ளையைக் கொடுத்தால் அதற்கு என்ன பேர்? பையில் இருந்தது சமையல் எண்ணெயும் சோப்பும்தான் என்று பின்னால் தெரிந்தது. அப்போது யாருக்குத் தெரியும்?

"அங்க யாரு எதைக் குடுத்தாலும் வாங்கித் தின்னுடாத யமின்" என்று பெரியம்மா கரையிலிருந்து கத்தினாள். "சும்மா குடுக்கறவன் எவனும் சும்மா குடுக்கமாட்டான்!"

இப்படி ஒரு உபதேசத்தோடுதான் நான் நாடு கடந்தேன். அரை மணிநேரம், ஒரே ஒரு முகத்துவாரம். இந்தக் கரையில் நின்றால் அந்தக் கரையின் கோபுரம் தெரியும். வெளிநாடு என்றால் தூரமாக இருக்க வேண்டும், கண்ணுக்கு எட்டக்கூடாது. கண்ணெதிரே வீட்டை வைத்துக்கொண்டு போகாதே என்று சொல்வது என்ன நியாயம் என்று எனக்கு அன்றும் விளங்கவில்லை, இன்றும் விளங்கவில்லை.

ரனோங் துறையில் அம்மா மழையில் நின்றுகொண்டிருந்தாள். போட்டோவில் பார்த்ததைவிட இளைத்திருந்தாள். ஓடிவந்து குனிந்தாள். முகத்தில் இருந்த மழைத்தண்ணீரைத் துடைப்பதுபோல என் காதருகில் வாயைக் கொண்டுவந்தாள்.

"இங்க பாரு. இனிமே நான் உனக்குச் சின்னம்மா. வாய் தவறிக்கூட அம்மான்னு கூப்பிட்டுடாத. அந்தா வர்றாரு பாரு, அவரு சித்தப்பா. புரிஞ்சுதா?"

திரும்பிப் பார்த்தேன். படகைக் கட்டிவிட்டு வந்துகொண்டிருந்தார், என்னை ஏற்றிவந்த அதே ஆள். பெயர் ஜரூன். இத்தனை நேரம் எதிரே உட்கார்ந்திருந்தவர், நான்தான் உன் சித்தப்பா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒருத்தி அம்மா இல்லை என்கிறாள், இன்னொருவர் யாரென்றே சொல்லவில்லை. நல்ல குடும்பம் என்று நினைத்துக்கொண்டேன்.

வாய்க்காலோரம், தூண்களின் மேல் நிற்கும் பலகை வீடு. இரண்டு அறை. குழந்தைகள் யாரும் இல்லை. ஜரூனுக்குத் தெரிந்த பர்மிய மொழி முழுக்கப் படகில் பயணிகளிடம் போட்ட அதட்டல்தான். அதையே அவர் வீட்டிலும் போட்டார். சோறு தயாரானதும், "சீக்கிரம் ஏறு!" என்பார். தட்டின் முன்னால் உட்கார்ந்ததும், "நடுவுல உக்காரு. ஆடாத. எந்திரிக்காத" என்பார். குரலும் இன்ஜின் சத்தத்துக்கு மேலே கேட்கிற குரல். நான் மஞ்சள் புளிக்குழம்பை ஆடாமல் அசையாமல் விழுங்கினேன். கைதியைக்கூட இப்படி மிரட்டிச் சாப்பிட வைக்கமாட்டார்கள்.

மறுநாள்தான் அது நடந்தது. ஜரூன் கையில் ஒரு நூலோடு என் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். என் வலது காலைப் பிடித்துப் பலகையில் வைத்தார். குதிகாலிலிருந்து கட்டைவிரல் நுனிவரை நூலை இழுத்து அளந்தார். அளவில் ஒரு முடிச்சுப் போட்டு, பல்லால் கடித்து அறுத்தார்.

எனக்கு உயிரே போய்விட்டது. முழித்திருக்கும் பிள்ளையை அளக்கக்கூடாது, அளந்தால் அந்த அளவோடு நின்றுபோகும் என்பது பெரியம்மாவின் சாஸ்திரம். தூணில் கோடு போட்டு உயரம் பார்த்த நடு அண்ணனை அவள் துடைப்பத்தால் வெளுத்ததை நானே பார்த்திருக்கிறேன். இந்த ஆள் பட்டப்பகலில், என் கண் முன்னாலேயே அளக்கிறார்.

"சின்னம்மா, என்னை ஏன் அளக்கறாரு?"

"ஸ்கூல் ஷூ வாங்கத்தான். எதுக்கெடுத்தாலும் முழிக்காத."

ஷூ வந்தது உண்மைதான். கறுப்பு ஷூ, ஒரு விரல்கடை பெரிது. ஆனால் நூல் போன இடத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாங்கி முடிந்த பிறகு அந்த நூலுக்கு என்ன வேலை? ஜரூன் அதைச் சுருட்டி, அலமாரியின் மேலே இருந்த பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் போட்டு மூடினார். மூடிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

பள்ளியில் என்னை ஒன்றாம் வகுப்பில் போட்டார்கள். மொழி தெரியாவிட்டால் வயது செல்லாது. ஆறு வயதுப் பொடிசுகளுக்கு நடுவே என் முழங்கால் மேஜையில் இடித்தது. பக்கத்தில் உட்கார்ந்தவள் பெயர் ஐஸ். முன்பற்கள் இரண்டும் இல்லை. பின்னால் ஒரு பையன் பெயர் பேங்க், இன்னொருவன் பெயர் நண்டு. பெற்றவர்கள் பிள்ளைகளுக்கு ஐஸ் என்றும் நண்டு என்றும் பெயர் வைக்கிற ஊரில், யமின் என்ற என் பெயரைக் கேட்டு வகுப்பே சிரித்தது. கன்னத்தில் பூசியிருந்த தனக்கா மரப்பட்டைச் சாந்தைப் பார்த்து, "மூஞ்சியில மாவு ஒட்டிருக்கு" என்றாள் ஐஸ். மறுநாள் பூசாமல் போனேன். அதற்கடுத்த நாள் வேண்டுமென்றே இரண்டு பங்கு பூசிக்கொண்டு போனேன்.

தினமும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு பை பால் சும்மா கொடுத்தார்கள். சும்மா! பெரியம்மாவின் குரல் காதில் கேட்டது. கழிப்பறைக்குப் பின்னால் போய் அங்கே படுத்திருக்கும் நாய்க்கு ஊற்றினேன். பதினைந்து நாள் ஊற்றினேன். நாய் சாகவில்லை, கொழுத்தது. பதினாறாம் நாளிலிருந்து நான் குடித்தேன். நாய் என்னை அதற்குப் பிறகு மன்னிக்கவே இல்லை.

வீட்டில் எதையும் அப்படி நாய்க்கு ஊற்றிப் பார்க்க முடியவில்லை. அம்மா விடிவதற்குள் இறால் உரிக்கப் போய்விடுவாள். மாலையில் கை ஊறி வெளுத்துப் போய் வருவாள். ஜரூன் இல்லாத நேரத்தில் என்னை இழுத்து மடியில் வைத்துக்கொள்வாள், உச்சியை முகர்வாள். படியில் அவர் காலடி கேட்டதும் என்னைத் தள்ளிவிட்டு எழுந்து அடுப்பைப் பார்ப்பாள். இறால் வாசனையோடு அந்தத் தள்ளலும் எனக்குப் பழகிவிட்டது. ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"நீங்க எனக்கு அம்மாதானே?"

"ஸ்ஸ்! மெதுவா."

"தெரிஞ்சா என்ன ஆகும்?"

அவள் களைந்த அரிசியையே திரும்பத் திரும்பக் களைந்துகொண்டிருந்தாள். தெரிந்தால் என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். பெரியம்மாவின் வீடு பூட்டியிருந்தது. திருப்பி அனுப்ப ஓர் இடமும் இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய பயம்.

ஒரு ஞாயிறு மதியம், சீருடைப் பாவாடையில் ஊக்கு அறுந்துபோயிற்று. ஊசி தேடி நாற்காலியில் ஏறி அந்தப் பிஸ்கட் டப்பாவை எடுத்தேன். உள்ளே தூண்டில் முள், பாய் தைக்கும் ஊசி, மெழுகு. அடியில் ஒரு பிளாஸ்டிக் உறையில் நூல்கள். என்னுடையது மேலே இருந்தது, அதன் கீழே இன்னும் ஏழு. ஒவ்வொன்றிலும் முடிச்சு. விரித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் சின்னது என் ஒரு சாணுக்கும் குறைவு. அடுத்தது அதைவிடக் கொஞ்சம் பெரிது. அடுத்தது இன்னும் கொஞ்சம்.

ஏழு கால்கள். ஏழு பிள்ளைகள். நான் எட்டாவது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு இருட்டே தேவைப்படவில்லை, பட்டப்பகலிலேயே தெரிந்தது. நூல்களை அப்படியே வைத்து மூடினேன். மாலையில் அம்மாவிடம் நைசாகக் கேட்டேன்.

"இந்த வீட்டுல எனக்கு முன்னாடி பிள்ளைங்க யாராச்சும் இருந்தாங்களா?"

"இல்லையே."

"ஒருத்தருமே இல்லையா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"என்னடி இது, போலீஸ் மாதிரி!"

பெற்ற பிள்ளையையே அக்கா மகள் என்று சொல்கிறவள் சொல்லும் இல்லைக்கு என்ன மதிப்பு? மறுநாள் பள்ளியில் ஐஸிடம் விசாரித்தேன். அதற்குள் எனக்கு அவர்கள் மொழி கொஞ்சம் பிடிபட்டிருந்தது.

"எங்க சித்தப்பா படகுல யாரெல்லாம் போவாங்க?"

"எல்லாரும்தான்."

"பிள்ளைங்களும்?"

"நிறைய பிள்ளைங்க" என்றாள் ஐஸ், பல்லில்லாத வாயால் ஐஸ் குச்சியைச் சப்பிக்கொண்டே. "ஏத்திட்டுப் போவாரு. அங்க எறக்கி விட்டுட்டு வந்துருவாரு."

போதாதா? அந்த வாரம் ஜரூன் ஒரு பொட்டலம் ஒட்டரிசிப் பலகாரத்தோடு வந்து, "படகுக்கு வா. ஏறு. சுத்திட்டு வரலாம்" என்றார். நான் வீட்டுத் தூணை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். அவர் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார், ஆனால் தொடவில்லை. பொட்டலத்தைப் பலகையில் வைத்துவிட்டுத் தனியாக இறங்கிப் போனார். போகும்போது தோள் சரிந்திருந்தது. திட்டம் கெட்டுப்போனவனின் தோள் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த திங்களன்று ஒரவான் டீச்சர் எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்தார். சனி, ஞாயிறுகளில் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் டீச்சர் வருவார். வீட்டில் எத்தனை பேர், யார் எங்கே தூங்குகிறார்கள் என்று எழுதிக்கொள்வார், போட்டோ எடுப்பார். வருடா வருடம் நடப்பதுதான் என்றாள் ஐஸ். அவள் வீட்டில் அதற்காக முட்டைப் பணியாரம் செய்வார்களாம்.

எங்கள் ஊரிலும் யார் யார் தூங்குகிறார்கள் என்று எழுத ஆள் வருவார்கள். பணியாரம் தின்ன அல்ல. வார்டு ஆபீஸ் ஆள் பட்டியலோடு வந்து தலைகளை எண்ணுவான். பட்டியலில் பேர் இல்லாத விருந்தாளி பின்வாசல் வழியாக ஓடவேண்டும். ஒருமுறை பெரியப்பாவின் தம்பி எங்கள் தண்ணீர்த் தொட்டிக்குள் கழுத்தளவு நின்று தப்பித்தார். ஆகவே எனக்கு விஷயம் நன்றாகப் புரிந்தது. இந்த வீட்டுப் பட்டியலில் நான் கிடையாது. சனிக்கிழமை டீச்சர் தலையை எண்ணுவார், என்னைக் கொண்டுபோவார்கள். போவதுதான் போகிறேன், சும்மா போகமாட்டேன் என்று தீர்மானித்தேன். டப்பாவையும் காட்டிக்கொடுத்துவிட்டுத்தான் போவேன்.

சனிக்கிழமை அம்மா லீவு போட்டாள். தரையைத் தேங்காய் நாரால் தேய்த்தாள். பலாச்சுளை, சிவப்பு ஷர்பத், ஐஸ் கட்டி எல்லாம் தயார். என் தலையை வாரிக்கொண்டே பத்தாவது தடவையாகக் கேட்டாள்.

"டீச்சர் முன்னாடி என்னை எப்படிக் கூப்பிடுவே?"

"சின்னம்மா."

"என் தங்கம்."

அந்தத் தங்கத்தில் எனக்கு அழுகை வந்தது. அம்மா என்று கூப்பிடாததற்குத் தங்கம் என்று பேர் வாங்கிய பிள்ளை உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

டீச்சர் மழைக்கோட்டோடு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். ஷர்பத்தைக் குடித்தார், வீட்டைச் சுற்றிப் பார்த்தார், என் பாயைப் போட்டோ எடுத்தார். மடியில் அட்டையை வைத்துக்கொண்டு கேள்வி கேட்க ஆரம்பித்தார். சொந்த வீடா? சொந்தம். பள்ளிக்கு எவ்வளவு தூரம்? நடந்தால் இருபது நிமிடம். எத்தனை பேர்? மூன்று. யார் எங்கே தூங்குவீர்கள்?

"பிள்ளைக்கு நீங்க என்ன வேணும்?" என்று டீச்சர் அம்மாவிடம் கேட்டார்.

"சின்னம்மா" என்றாள் அம்மா. "எங்க அக்கா பொண்ணு."

ஜரூன் ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தார். டீச்சர் பேனாவைத் தாளில் வைத்தார். நான் எழுந்தேன்.

"எந்திரிக்காத" என்றார் ஜரூன் வழக்கம்போல.

நாற்காலியில் ஏறி டப்பாவை இறக்கினேன். மூடி கைநழுவி உருண்டு அடுப்புவரை போயிற்று. நூல்களை எடுத்து டீச்சரின் தாள்மேலேயே கொட்டினேன். ஒரு வாரமாக மனப்பாடம் செய்திருந்த அவர்கள் மொழி வாக்கியம், பாதிதான் நினைவு வந்தது.

"டீச்சர், ஏழு கால். ஏழு பிள்ளைங்க. இவரு அளந்தாரு. பிள்ளைங்க எங்க?"

டீச்சர் ஜரூனைப் பார்த்த பார்வையில் ஷர்பத்தின் இனிப்பு துளியும் இல்லை.

ஜரூன் ஓடவில்லை, அதட்டவில்லை. அவருடைய காது மடல் சிவந்தது. நூல்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். தரையில் உட்கார்ந்து, பலகை இடுக்கில் ஒரு நுனியை வைத்துச் சின்னதிலிருந்து பெரியதுவரை வரிசையாக நீட்டி வைத்தார். என்னைப் பார்த்து, "காலை வை" என்றார். எட்டாவது நூலின் பக்கத்தில் என் காலை வைத்தேன். சரியாக இருந்தது. அவர் ஏழாவது நூலைத் தொட்டார்.

"யமின்" என்றார். ஆறாவதைத் தொட்டார். "யமின்." ஐந்தாவதைத் தொட்டார். "யமின்." அப்படியே இறங்கி இறங்கி, அந்தச் சாணுக்கும் குறைவான நூலைத் தொட்டு, "யமின். மூணு வயசு" என்றார்.

வருடம் தவறாமல் தாய்லாந்திலிருந்து எனக்கு ஒரு ஜோடிச் செருப்பு வரும். அம்மா அனுப்பியது என்று பெரியம்மா கொடுப்பாள். அளவு எப்படித் தெரிந்தது என்று, எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட நான், அதை மட்டும் ஒருநாளும் சந்தேகப்படவில்லை.

ஜரூன் டீச்சரிடம்தான் பேசினார். அம்மா பக்கம் திரும்பவே இல்லை. பேச்சில் பாதி எனக்கு அப்போதே புரிந்தது, மீதியைப் பின்னால் அம்மாவிடமிருந்து பிடுங்கினேன்.

"இவங்க அக்கா, பிள்ளை தூங்கறப்போ அளந்து நூலை எங்கிட்டக் குடுத்தனுப்பும். இவளுக்குக் கடைக்குப் போக நேரம் ஏது? செருப்பு வாங்கறதும் நான், கொண்டுபோய்க் குடுக்கறதும் நான். பிள்ளை கால் அளவாச்சே, குப்பையில போட மனசு வரலை. கல்யாணத்துக்கு முன்னாடியே ரெண்டு நூல் வந்துருச்சு டீச்சர். அந்த அக்காவுக்கு மூணு பசங்க. ஒரு வருஷமாச்சும் அவனுங்களுக்கு ஒரு ஜோடி போயிருக்கணுமில்ல? போகலை. அக்கா பொண்ணு ஒருத்திக்கு மட்டும் போகுது. நான் படகு ஓட்டறவன்தான், மடையன் இல்ல."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். முழுப் பூசணிக்காயை ஏழு வருடம் சோற்றில் மறைத்தவளின் முகம் அப்படித்தான் இருக்கும்.

"தெரியுமா? அப்பவே தெரியுமா?"

"ரெண்டாவது நூல்லயே தெரியும்."

"ஏன் கேக்கலை?"

"நீ ஏன் சொல்லலை?"

"பிள்ளை இருக்குன்னா வேலையில எடுக்கமாட்டாங்கன்னு அங்க இல்லைன்னு சொன்னேன். அதையே உங்ககிட்டயும் சொல்லிட்டேன். அப்புறம் மாத்திச் சொன்னா நீங்க விட்டுட்டுப் போயிருவீங்களோன்னு…"

"நான் கேட்டா நீ அந்தக் கரைக்கே போயிருவியோன்னு நான் இருந்தேன். என்னைக்காச்சும் நீயா சொல்லுவேன்னு பாத்தேன்."

டீச்சர் தொண்டையைச் செருமினார். கூரை ஒழுகி அவருடைய தாளின் ஓரம் நனைந்திருந்தது. "உறவுங்கற எடத்துல நான் இப்ப என்ன எழுதட்டும்?" என்று கேட்டார்.

அம்மா என்னைப் பார்த்தாள். உதடு இரண்டு முறை அசைந்து மூன்றாவது முறைதான் சத்தம் வந்தது.

"அம்மா. அம்மான்னு எழுதுங்க டீச்சர்."

இந்த இடத்தில் நான் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். டீச்சர்கூடக் கேமராவைக் கையில் எடுத்தார். எனக்கோ கோபம்தான் வந்தது. இவருக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும். ஒருவரை ஒருவர் இழந்துவிடக்கூடாது என்று இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். அதற்கு விலையாக நான் ஏழு வருடம் பெரியம்மா வீட்டு வாசலில் செருப்புக்குக் காத்திருந்தேன். குனிந்து அந்தச் சின்ன நூலை எடுத்தேன்.

"இந்தக் கால் இத்தனூண்டு இருந்தப்பவே கூட்டிட்டு வந்திருக்கலாமே" என்றேன். "ரெண்டு பேருக்கும் தெரியுமில்ல?"

எங்கள் மொழியில்தான் சொன்னேன். ஜரூனுக்கும் புரிந்தது. அவர் பதில் தேடினார். அவருக்குத் தெரிந்த எங்கள் சொற்களையெல்லாம் மனதுக்குள் கொட்டித் துழாவுவது முகத்தில் தெரிந்தது. கடைசியில், படகில் அவர் தினமும் சொல்லும் ஒன்றுதான் கிடைத்தது. அதை இத்தனை நாளில் வீட்டில் அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

"கரை வந்தாச்சு" என்றார் மெல்ல. "எறங்கு."

நான் இறங்கவில்லை. அப்படி லேசில் இறங்குகிற ஆளா நான்? டீச்சர் எடுத்த போட்டோவில் மூன்று பேரும் வாசற்படியில் நிற்கிறோம். நான் நூலைப் பிடித்தபடி உர்ரென்று இருக்கிறேன். அதற்குப் பிறகும் நான் அவளைச் சின்னம்மா என்றுதான் கூப்பிட்டேன். வேண்டுமென்றேதான். கூப்பிடாதே என்றபோது கூப்பிடவில்லை, கூப்பிடு என்றால் உடனே கூப்பிட வேண்டுமா? ஒவ்வொரு முறையும் அவள் முகம் சுருங்கியது. சுருங்கட்டும் என்று இருந்தேன். அவளும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் அந்த வீட்டு வழக்கமாயிற்றே.

ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி பள்ளியில் அன்னையர் தினம். மண்டபத்தில் முன்வரிசை நாற்காலிகளில் அம்மாக்கள் உட்காருவார்கள். பிள்ளைகள் மல்லிகைப்பூவோடு மண்டியிட்டுப் போய் அவர்கள் காலில் வணங்க வேண்டும். அம்மா வர முடியாத பிள்ளைகளுக்காக வந்த அத்தை, சித்திகளுக்கென்று பின்னால் சுவரோரம் ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள்.

அம்மா தாமதமாக வந்தாள். குளித்திருந்தாள், நல்ல சட்டை போட்டிருந்தாள், என் தனக்காவை எடுத்துக் கன்னத்தில் பூசியிருந்தாள். முன்வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், என்னைத் தேடினாள், பிறகு நேராகப் போய்ப் பின்பெஞ்சில் அத்தைகளோடு ஒண்டி உட்கார்ந்துகொண்டாள். அங்கே போய் உட்காரச் சொல்லி அவளிடம் யாரும் சொல்லவில்லை. நான்தான் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஐஸ் என்னை இடித்தாள். "உங்கம்மா ஏன் அங்க போய் உக்காந்துருக்காங்க? கூப்பிடு."

மைக்கில் பாட்டு ஆரம்பித்துவிட்டது. அவ்வளவு பெரிய மண்டபத்தில் ஒருத்தியைக் கூப்பிட வேண்டுமானால் ஏதாவது சொல்லித்தான் கூப்பிட வேண்டும். சின்னம்மா என்றால் அவள் அந்தப் பெஞ்சிலேயே இருந்துவிடுவாள்.

எழுந்து நின்று, "அமே!" என்று கத்தினேன். எங்கள் மொழியில் அம்மாவுக்கு அதுதான் சொல்.

அந்த மண்டபத்தில் எங்கள் கரையிலிருந்து வந்த தாய்மார்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அத்தனை பேரும் சட்டென்று திரும்பினார்கள். அவள் மட்டும் திரும்பவில்லை. யாருடைய பிள்ளையோ யாரையோ கூப்பிடுகிறது என்று நினைத்து, அந்த அம்மா யார் என்று அவளும் சுற்றுமுற்றும் தேடினாள்.

நான் இரண்டாம் தரம் கத்த வேண்டியிருந்தது.